வால்வு இருந்த இடத்தில் ஒரு போல்ட்

அத்தானுக்கு ஒன்று வேண்டும் என்று தோன்றிவிட்டால் போதும், அது கைக்கு வரும்வரை வீட்டை இரண்டு பண்ணிவிடுவார். அந்த முறை அவருக்கு வேண்டியிருந்தது காற்று. ஃபேன் காற்று இல்லை. குழாய் வழியே சீறிக்கொண்டு வரவேண்டும், வந்தால் நிற்கவும் கூடாது.

"மச்சான், குண்டனுக்கு மூச்சு வாங்குதுடா. அரை நிமிஷம் அடிச்சா ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து இளைக்கிறான். நான் துப்பாக்கியைக் கையில பிடிச்சுக்கிட்டு இவன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். ஏதாவது பண்ணு."

குண்டன் என்பது அவருடைய கம்பிரசர், காற்றை அழுத்தித் தன் டேங்கில் அடைத்துவைக்கும் மெஷின். வீட்டை ஒட்டின தகரக் கொட்டகையில் ஏழு வருஷமாக உட்கார்ந்திருந்தது. இரும்புக் கதவு, பீரோ, சைக்கிள் என்று எது வந்தாலும் அத்தான் அதன் காற்றில்தான் பெயின்ட் அடித்துக் குடும்பத்தை ஓட்டினார். பெயின்ட் அடிக்க அந்தக் காற்று தாராளம். இப்போதுதான் ஒரு பள்ளிக்கூடத்தின் ஜன்னல் கம்பிகள் வந்திருந்தன, இருநூறு ஜன்னல். முதலில் மணலைப் பீய்ச்சித் துருவை எடுக்கவேண்டும், அப்புறம்தான் பெயின்ட். மணல் பீய்ச்சும் துப்பாக்கி இருக்கிறதே, அது காற்றைக் குடிக்கிற குடிக்கு இந்தக் குண்டன் எந்த மூலைக்கு?

அத்தான் யாரிடம் கேட்பார்? மச்சான் இருக்கிறானே! ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்க்கிறவன். கம்பிரசரோடேயே பிறந்தவன் மாதிரி பேசுவான். அக்காவுக்கு ஒரே தம்பி. அம்மா அப்பா இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. மூன்று தெரு தள்ளி ஒரு ரூமில் இருந்தான் என்று பெயர், பாதி நாள் அக்கா வீட்டில்தான் கிடப்பான். உலகத்தில் அவனுக்கு இருந்த மனிதர்கள் அக்கா, அத்தான், அவர்களுடைய மகள், அவ்வளவுதான்.

"இதெல்லாம் ஒரு வேலையா அத்தான்?" என்றான் தம்பிக்காரன். "ரெண்டு நாள் குடுங்க. குண்டனை பயில்வானாக்கிக் காட்டறேன்."

ஆக்கினான். பழைய இரும்புக் கடையில் லாரியிலிருந்து கழற்றிய காற்று டேங்க் ஒன்றைப் பிடித்துக் குண்டனுக்குப் பக்கத்தில் நிறுத்தி இரண்டையும் குழாயால் இணைத்தான். சின்ன மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பெரிசு ஒன்றைப் பூட்டினான். எட்டு கிலோ அழுத்தம் வந்ததும் மோட்டாரை நிறுத்திவிடும் ஸ்விட்சை, பன்னிரண்டு வந்தால்தான் நிறுத்துவேன் என்று சொல்லவைத்தான். கை சுறுசுறுப்பாக ஓடியது. வாயில் பாட்டு வேறு.

நடுவில் குண்டனின் டேங்குக்கு அடியில் இருக்கும் திருகைத் திறந்து பார்த்தான். காற்றை அழுத்தினால் அதில் இருக்கிற ஈரம் தண்ணீராகி அடியில் தேங்கும். தினம் சாயங்காலம் அந்தத் திருகைத் திறந்து வெளியேற்றிவிடவேண்டும், இல்லாவிட்டால் டேங்க் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். திறந்தால் ஒன்றும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினான். கெட்டியாக, செங்கல் நிறத்தில், ஒரு டம்ளர் அளவுக்கு வந்து விழுந்தது.

"என்ன அத்தான், தண்ணி விடறதே இல்லையா?"

"அதை உங்க அக்காகிட்ட கேளு. உத்தரவு மேலிடத்துலேர்ந்து."

கையைத் துடைத்துக்கொண்டே அக்கா வாசல்படியில் வந்து நின்றாள். "ஆமா, நான்தான் சொன்னேன். ஆசை ஆசையா முற்றத்துக்கு வெள்ளை டைல்ஸ் போட்டு ரெண்டு வருஷம் ஆகுது. இவரு தினம் ஒரு செம்பு துருத்தண்ணியை அது மேல ஓடவிட்டா? தேய்ச்சுத் தேய்ச்சு என் கை போச்சு. ஒரு சொட்டு விழட்டும், அப்புறம் இருக்கு!"

"பாத்தியா மச்சான், டேங்குக்கு வால்வு உண்டு, உங்க அக்கா வாய்க்குத்தான் கிடையாது," என்றார் அத்தான். மூன்று பேரும் சிரித்தார்கள். தம்பிக்காரனும் சிரித்தான். துருவைக் கண்ணால் பார்த்தவன் அவன். ஒரு நிமிஷம் யோசித்திருக்கவேண்டியவனும் அவன்தான். சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தான்.

மறுநாள் ஓட்டிப் பார்த்தார்கள். அழுத்தம் காட்டும் முள் ஏழைத் தாண்டி எட்டுக்கு வந்தது. எட்டரை. உடனே 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு கத்தல். பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டது. விரல் தடிமன்கூட இல்லாத பித்தளைச் சாமான் அது. காற்று அளவு மீறினால் தானே திறந்து வெளியே விடுவதுதான் அதன் உத்தியோகம். எட்டரைக்குத் திறக்கவேண்டும் என்று செய்திருந்தார்கள், திறந்தது. அதன்மேல் என்ன குற்றம்?

"என்னடா, நீ பயில்வான்னு சொன்னே, இவன் பாம்பு மாதிரி சீறறான்?" என்றார் அத்தான். "சரி, நீ பாரு. நான் போய் டீ சொல்லிட்டு வரேன்."

டீக்கடை தெருமுனையில். அத்தான் போய்த் திரும்பக் கால் மணி நேரம். தம்பிக்காரன் காற்றை இறக்கினான், வால்வைக் கழற்றினான், அந்த ஓட்டையில் ஒரு போல்ட்டை வைத்து நூல் சுற்றி இறுக்கினான். இரண்டே நாள், மிஞ்சினால் மூன்று. கடையில் பன்னிரண்டு கிலோவுக்கான வால்வு வந்துவிடும், வாங்கி மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டான். மறுபடி ஓட்டினான். முள் எட்டைத் தாண்டியது, பத்தைத் தாண்டியது, பன்னிரண்டில் மோட்டார் சமர்த்தாக நின்றது.

டீயோடு வந்த அத்தான் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார். "சத்தத்தையே காணோமே! எப்படிடா நிறுத்தினே?"

சொல்லியிருக்கலாம். 'வால்வை அடைச்சிருக்கேன் அத்தான், ரெண்டு நாள் ஜாக்கிரதையா இருங்க' என்று ஒரு வார்த்தை. சொன்னால் குறைந்தா போய்விடுவான்? ஆனால் அத்தான் முகத்தில் அந்த ஆச்சரியத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "கைராசி அத்தான்," என்றான், விரல்களை ஆட்டிக் காட்டி. "தொட்டா போதும்."

அத்தான் அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பக்கத்து வீட்டுத் தையல்காரரை இழுத்துவந்து காட்டினார். "ஒரு கால் மணி நேரம் சார். டீ வாங்கப் போனேன், வந்தேன், கம்முனு ஆயிட்டான். என் மச்சான் கை பட்டா செத்த மெஷினும் எழுந்து உட்காரும்."

நான்காம் நாள் வால்வு வந்துவிட்டது. வாங்கிப் பையில் போட்டும் வைத்தான். அதுதான் வெயில் உச்சத்தில் இருந்த காலம், ஊரில் இருக்கிற ஏசி எல்லாம் சொல்லிவைத்த மாதிரி படுத்துக்கொண்டன. ஒரு தடவை அந்தப் பையோடேயே அக்கா வீட்டுக்குப் போனான், சாப்பிட்டான், ஃபேனுக்கு அடியில் கண் அசந்தான், போன் வந்து எழுந்து ஓடினான். இன்னொரு தடவை போனபோது அத்தான் மும்முரமாக மணல் பீய்ச்சிக்கொண்டிருந்தார். வால்வை மாட்டவேண்டும் என்றால் டேங்கில் இருக்கும் காற்றையெல்லாம் விடவேண்டும். 'எதுக்குய்யா?' என்று கேட்பார், கைராசியின் கதையைச் சொல்லவேண்டிவரும். நாளைக்கு அவர் இல்லாதபோது வந்து மாட்டிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டான். மூன்று வாரம் போனது.

நாலு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் அவன் ஏசி பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது தையல்காரர் போனில் கூப்பிட்டார். "சீக்கிரம் வாப்பா," என்றார். அவன் ஓடிவந்தான். அக்கா கடைக்குப் போயிருந்தாள், மகள் பள்ளிக்கூடத்தில். கொட்டகையின் தகரக் கூரை தெருவில் கிடந்தது. குண்டனின் அடிப்பக்கம் பிளந்து விரிந்திருந்தது. வெள்ளை டைல்ஸில் ஒன்றுகூட முழுசாக இல்லை. அத்தானை அதற்குள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், ஆஸ்பத்திரி வாசலை எட்டுமுன்பே உயிர் போய்விட்டது.

அவன் ஆஸ்பத்திரிக்கு ஓடுமுன் ஒரு காரியம் செய்தான். தையல்காரர் வீட்டுச் சுவரோரச் சாக்கடையில் குழாய்த் துண்டு ஒன்று கிடந்தது. அதில் அந்த போல்ட், இறுக்கியது இறுக்கியபடி இருந்தது. யாரும் பார்க்கவில்லை. எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். அந்த நேரத்தில் ஏன் அதைச் செய்தான் என்று அவனுக்கே தெரியாது. கை செய்தது.

இரண்டு நாள் கழித்து விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். பிளந்த தகட்டைத் திருப்பிப் பார்த்தார், விரலால் அழுத்தினார், பொடிப்பொடியாக உதிர்ந்தது. "என்னம்மா இது, காகிதம் மாதிரி ஆயிருக்கு! தினம் தண்ணியைத் திறந்துவிட மாட்டாங்களா? விட்டிருந்தா இது இன்னும் பத்து வருஷம் உழைச்சிருக்குமே," என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை மனிதர். வாயில் வந்ததைச் சொன்னார். "மோட்டார் பெரிசா இருக்கே, ஸ்விட்சையும் திருகியிருக்கு. யாரு செஞ்சது?"

தம்பிக்காரன் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "அவரேதான் சார் எல்லாம் பண்ணினாரு. என் தம்பிக்கு இதெல்லாம் தெரியாது. அவன் ஃப்ரிட்ஜ் பாக்கிறவன்."

புருஷனைப் பறிகொடுத்து இரண்டே நாள்தான் ஆகிறது, அந்த நிலையிலும் தம்பியைக் காப்பாற்றுகிறாள்! அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதிகாரி எழுதிக்கொண்டு போனார்.

அவர் போனாரே தவிர, சொன்ன சொல் போகவில்லை. அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரிடமும் அதையே சொன்னாள். "நான்தான் கொன்னேன். தண்ணியைத் திறக்காதீங்கன்னு நான்தான் சண்டை போட்டேன். நாலு டைல்ஸுக்காக ஒரு மனுஷனை முழுங்கிட்டேன்." வந்தவர்கள், "அப்படியெல்லாம் சொல்லாதேம்மா" என்பார்கள். அவள் கேட்டால்தானே. தட்டில் போட்டது போட்டபடி இருக்கும். ஒரு மாதத்தில் பாதியாகிப் போனாள்.

தம்பிக்காரன் தினம் போய் எதிரில் உட்கார்ந்தான். 'நீ இல்லக்கா' என்பான். 'நீ சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது' என்பாள். ஐயோ, அவனைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? சொல்லிவிடவேண்டும் என்று தினம் நினைத்தான், தினம் பயந்தான். சொன்னால் அக்கா போய்விடுவாள். அக்காவும் போய்விட்டால் அவனுக்கு என்று இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்? அந்தப் பயம்தான், வேறு ஒன்றுமில்லை.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் அக்காவின் மகள் அவன் ரூம் வாசலில் வந்து நின்றாள். பதினாறு வயசுப் பெண். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள்.

"மாமா, அம்மா என்னை உட்காரவச்சு பீரோ சாவி எங்க இருக்கு, பேங்க் புத்தகம் எங்க இருக்குன்னு எல்லாம் காட்டறாங்க. கேஸ் தீர்ந்தா யாருக்குப் போன் பண்ணணும்னு எழுதி ஒட்டியிருக்காங்க. நேத்து, 'நீ மாமாகிட்ட சமத்தா இருப்பே இல்ல'ன்னு கேட்டாங்க. எனக்குப் பயமா இருக்கு மாமா."

இத்தனை நாள் தம்பிக்காரன் போட்ட கணக்கெல்லாம் நொடியில் அழிந்தது. அக்கா தன்னை விட்டுப் போய்விடுவாளோ என்றல்லவா பயந்துகொண்டிருந்தான்? இப்போது அவள் ஒரேயடியாகப் போகப் பார்க்கிறாள்! "நீ உங்க பக்கத்து வீட்டுத் தையல்காரர்கிட்ட போய் இரு பாப்பா. நான் கூப்பிடற வரைக்கும் வராதே," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தான்.

அக்கா கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் எதிரில் உட்கார்ந்து, பையிலிருந்து இரண்டு சாமான்களை எடுத்துத் தரையில் வைத்தான். போல்ட் இறுக்கிய குழாய்த் துண்டு ஒன்று. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத பித்தளை வால்வு ஒன்று.

"என்னடா இது?"

சொன்னான். சீறிய வால்வைக் கழற்றியதிலிருந்து, அத்தான் டீ வாங்கப் போனதிலிருந்து, சாக்கடையில் பொறுக்கியதுவரை, ஒன்றையும் விடாமல் சொன்னான். அக்கா அசையாமல் கேட்டாள். முடிந்ததும் மெதுவாக ஒன்று கேட்டாள்.

"அப்ப தண்ணி?"

இதற்குத்தான் அவன் வழியெல்லாம் தன்னைத் தயார்படுத்திக்கொண்டு வந்திருந்தான். உண்மை என்ன? அவனுக்கே தெரியாது. அந்த உதிர்ந்த தகடு வால்வு இருந்திருந்தாலும் என்றைக்காவது ஒருநாள் பிளந்திருக்கும். தகடு நல்லதாக இருந்திருந்தால் வால்வு இல்லாமலும் தாங்கியிருக்கும். துருவும் கொன்றது, போல்ட்டும் கொன்றது. பாதிப் பாதியா, முக்கால் காலா, யாரால் நிறுத்துப் பார்க்க முடியும்?

"தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா," என்றான், ரிப்பேர்க்காரனுக்கே உரிய அலட்சியத்தோடு. "உள்ள தண்ணி நின்னா காத்து கொஞ்சம் கம்மியா பிடிக்கும், அவ்வளவுதான். துரு மேலாக்கத்தான் இருக்கும். எல்லா டேங்க்கும் உள்ள அப்படித்தான். அந்த ஆளு மேஜையில உட்கார்ந்து எழுதறவன், ஸ்பேனர் பிடிச்சிருப்பானா? நான் இதுலயே ஊறினவன், நான் சொல்றேன். வால்வு இருந்திருந்தா அத்தான் இன்னிக்கு இருப்பாரு."

"நெஜமாவா?"

"உன் மேல சத்தியமா."

"நான் இல்லையே?"

"நீ இல்ல. நான்."

அக்காவின் முகம் இளகியது. ஒரு மாதமாக இறுகிக் கிடந்த முகம், வெகு நேரம் சுமந்ததை இறக்கிவைத்தவள் முகமாக ஆனது. கண்ணை மூடி நெடுமூச்சு விட்டாள். அந்த ஒரு மூச்சைப் பார்க்க அவன் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பான். கண்ணைத் திறந்தபோது அவள் பார்வை தரையில் கிடந்த போல்ட்டின்மேல் விழுந்தது, அப்புறம் அவன்மேல்.

"அவருக்குத் தெரியுமா? வால்வு இல்லேன்னு?"

தெரியும் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே சொன்ன பொய்யோடு இன்னொன்று. அத்தானே சம்மதித்தார் என்று சொல்லியிருந்தால், நாளாவட்டத்தில் அக்கா மனசு ஆறியிருக்கும். தனக்காகச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"தெரியாது. கைராசின்னு சொல்லிட்டேன்."

"பாவி!" அக்கா எழுந்தேவிட்டாள். "பாவி, அன்னிக்குக் காலையில கூடச் சொன்னாருடா! நான் கடைக்குக் கிளம்பறப்போ, 'உன் தம்பி கைராசிடீ, வேலை பறக்குது, அடுத்த வாரம் அவனுக்கு ஒரு நல்ல சட்டை எடுக்கணும்'னு சொன்னாரு. உன்னை நம்பி அதுகிட்ட நின்னாருடா! உன்னை நம்பி நின்னாரு!" இரண்டு கையாலும் அவன் மார்பில் அடித்தாள். அடி விழ விழ அவன் அப்படியே இருந்தான். "பையில வால்வை வச்சுக்கிட்டே என் வீட்டுல சாப்பிட்டியே! அந்த ஆளுகிட்ட உனக்காகப் பொய் சொன்னேனே! போ! எழுந்து போ! இனிமே என் முகத்துலயே முழிக்காதே!"

அவன் எழுந்தான். தரையில் கிடந்த சாமான்களை எடுக்கக் குனிந்தபோது, "அது இங்கேயே கிடக்கட்டும்," என்றாள். வெளியே வந்து, தையல்காரர் வீட்டில் இருந்த பெண்ணை, "அம்மாகிட்ட போ, பக்கத்துலயே இரு," என்று அனுப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அடுத்த தெரு வரைக்கும் அக்காவின் அழுகைச் சத்தம் கேட்டது. அத்தான் போன நாளிலிருந்து அவள் அப்படி வாய்விட்டு அழுததில்லை.

ஆறு நாள் யாரும் கூப்பிடவில்லை. ஏழாம் நாள் யாரோ வீட்டில் ஏசியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. மகள்தான், பள்ளிக்கூடத்திலிருந்து.

"மாமா, அம்மா எல்லாத்தையும் சொன்னாங்க. உங்ககூடப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. எனக்கும் உங்க மேல கோபம்தான். ரொம்பக் கோபம். ஆனா ஒண்ணு சொல்லணும்னு தோணிச்சு."

"சொல்லு பாப்பா."

"அம்மா சாப்பிடறாங்க. நேத்து நான் போடாமயே அவங்களே போட்டுக்கிட்டாங்க. ராத்திரி நல்லாத் தூங்கறாங்க. என்னை டியூஷன்ல சேர்க்கணும்னு இன்னிக்கு விசாரிக்கப் போயிருக்காங்க. ஆனா எப்பப் பாத்தாலும் உங்களைத் திட்டிக்கிட்டே இருக்காங்க மாமா. அடுப்புகிட்ட நின்னா திட்டறாங்க, துணி துவைச்சா திட்டறாங்க. கேக்கவே முடியல. வேணும்னா, போதும்மான்னு நான் சொல்லிப் பாக்கட்டுமா?"

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"வேண்டாம் பாப்பா," என்றான். "திட்டட்டும். நீ குறுக்க போகாதே."